டீலியா வீட்டு வாசற்கல்

எங்கள் பங்கில் சாவு விழுந்தால் முதலில் பங்குச்சாமியாருக்கு ஆள் போகும், அடுத்து டீலியா ருவேனுக்கு. இறந்தவர் தலைமாட்டில் முழங்கால் போட்டு அவள் செபமாலையைத் தொடங்கினால், அடுப்படியில் புகைக்குழாயோடு உட்கார்ந்து மாட்டு விலை பேசிக்கொண்டிருக்கும் ஆண்பிள்ளைகளும் தொப்பியைக் கழற்றிவிட்டு மண்டியிட்டு, அவள் சொல்லும் ஒவ்வொரு செபத்துக்கும் மறுபாதியைப் பதிலாகச் சொல்வார்கள். அவள் குரல் அப்படி. ஒரு வார்த்தையை விழுங்க மாட்டாள், மற்றவர்களையும் விழுங்க விட மாட்டாள்.

மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஃபெஸ்டி ருவேனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் அவள். பெற்ற பிள்ளைகள் எல்லாரும் பாஸ்டனுக்குக் கப்பல் ஏறிவிட்டார்கள். மிச்சம் இரண்டு பசு, ஒரு கழுதை, ஒரு பன்றி, நாலைந்து கோழி, கொஞ்சம் உருளைக்கிழங்கு, வாய் திறக்காத புருஷன். வீட்டுக்கு அடுத்த வயலில்தான் இடிந்த மடம்.

அந்த மடத்தைச் சொல்லாமல் அவளைச் சொல்ல முடியாது. பழைய காலத்தில் எங்கள் பக்கத்துச் சிற்றரசன் ஒருவன் அசிசியார் சபைத் துறவிகளுக்கு ஏரிக்கரையில் இடம் கொடுத்தான். அவர்கள் வெறுங்காலோடு வந்தார்கள், பிச்சையெடுத்துச் சாப்பிட்டார்கள், கோயிலும் மணிக்கூண்டும் எழுப்பினார்கள். பிறகு இங்கிலாந்து ராஜா மடங்களை மூடச் சொன்னான். சிப்பாய்கள் வந்து கூரைக்குத் தீ வைத்தார்கள். துறவிகள் ஊரைவிட்டுப் போகவில்லை. சதுப்புக்குள் குடிசை போட்டு ஒளிந்திருந்தார்கள். ஓட்ஸ் ரொட்டியும் மோரும் கொடுத்து எங்கள் ஜனங்கள் அவர்களைக் காப்பாற்றினார்கள். ஒருவரையும் காட்டிக்கொடுக்கவில்லை. அந்தப் பெருமை எங்களுக்கு நிறைய உண்டு. கடைசித் துறவி கிழவராகிச் சாக, மடம் முடிந்தது. இப்போது நான்கு சுவர், ஒரு மணிக்கூண்டு, சுவர்களுக்குள் எங்கள் கல்லறைகள்.

ஒவ்வோர் ஆகஸ்டிலும் அங்கே ஒரு பூசை உண்டு. பலிபீடம் இல்லாததால் பள்ளிக்கூடத்து மேசையைத் தூக்கிக்கொண்டு போவோம். எங்கள் பங்குச்சாமியார் கில்வரி பிரசங்கத்தின் முடிவில் மேசையைத் தட்டிச் சொல்வார்: "கர்த்தருடைய பலிபீடத்தைப் பாவிக் கை ஒண்ணு பேத்துட்டுப் போயிடுச்சு. அந்தக் கை வெளங்குமா?" வெளங்காது என்று எல்லாரும் தலையாட்டுவோம். எல்லாரும் மனதில் நினைப்பது அந்தச் சிப்பாய்களைத்தான். டீலியா மட்டும் வாய்விட்டு "ஆமென்" என்பாள்.

வாயோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. ஒருநாள் வின்னி லாவெல் வீட்டுக்கு அடைவைக்க முட்டை வாங்கப் போனவள், கோழிக்கூண்டுச் சுவரில் சுண்ணாம்புக்கு அடியில் ஒரு முகம் இருப்பதைப் பார்த்துவிட்டாள். செதுக்கிய தேவதூதர் முகம். மடத்துக் கல்.

"என்ன வின்னி, நாங்கள்லாம் நாய வச்சிக் கோழிய காக்குறோம். நீ சம்மனசையே காவலுக்குப் போட்டிருக்கியே!"

"அது எங்க மாமனார் கட்டுன கூண்டுடி. எனக்கென்ன தெரியும்?"

"உனக்குத் தெரியாது. கடவுளுக்குத் தெரியும்."

கடவுளுக்கு மட்டுமல்ல, அன்று மாலைக்குள் சாமியாருக்கும் தெரிந்துவிட்டது. அந்த ஆகஸ்டில் வின்னி, புருஷனை இழந்த பெண்பிள்ளை, கல்லைக் கழுதை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் பார்க்க மடத்துக்கு வந்தாள். பூசை முடியும்வரை கல் பக்கத்தில் தனியாக நின்றாள். டீலியா முதல் வரிசையில் இருந்தாள்.

சில ஆண்டுகள் போயின. ஒரு கோடையில் விடாத மழை. ருவேன் வீட்டு வாசற்கல் ஒரு பக்கம் இறங்கி, தண்ணீர் உள்ளே வந்தது. சிமெண்ட் போடத் தெரிந்த கோல்மனை ஃபெஸ்டி கூட்டிவந்தான்.

கோல்மன் கடப்பாரையை விட்டு நெம்பிப் பார்த்தான். "ரெண்டாள் வேலைன்னு சொன்ன. இது நாலாள் கல்லுப்பா. உன் பாட்டன் வாசல் கட்டுனானா, கோட்டை கட்டுனானா?"

ஒருவழியாகக் கல்லைப் புரட்டிப் போட்டார்கள். அடிப்பக்கம் மேலே வந்தது. டீலியா ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினாள், மண் கரைந்தது. நாலு மூலையில் நாலு சிலுவை, நடுவில் ஒன்று.

பலிபீடக் கல்லில்தான் அப்படி வெட்டுவார்கள், கர்த்தருடைய ஐந்து காயங்களுக்காக. எங்களில் நடக்கிற குழந்தைக்கும் அது தெரியும். கோல்மன் தொப்பியைக் கழற்றினான்.

ஃபெஸ்டி ஒரு சிலுவையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "எவனாவது கொத்தன் வெட்டிப் பழகியிருப்பான்" என்றான்.

"அஞ்சையுமா?" என்றான் கோல்மன்.

"திருப்பிப் போட்டுடலாம். இத்தனை காலம் குப்புறக் கிடந்தது, இன்னும் கொஞ்ச நாள் கிடக்கட்டும். கோல்மன், நீ எதையும் பாக்கல."

"நான் பாக்கல. ஆனா எம் பொண்டாட்டி என் மூஞ்சியப் பாத்தே கண்டுபுடிச்சிடுவா. அதுக்கு நான் பொறுப்பில்ல."

டீலியா அவர்கள் பேச்சைக் கேட்கவே இல்லை. "இதுமேலதான் நான் சேவல் அறுத்தேன்" என்றாள்.

புனித மார்ட்டின் திருநாளுக்கு முந்தின மாலை வாசற்படியில் சேவலை அறுத்து, வீட்டின் நாலு மூலையிலும் ரத்தம் தெளிப்பது எங்கள் வழக்கம். டீலியா வீட்டில் ஒரு வருஷமும் தவறியதில்லை. இருப்பதிலேயே நல்ல சேவலைத்தான் எடுப்பாள். பன்றிக்குத் தவிட்டு வாளி கொண்டுபோனதும் அந்தக் கல் மேல்தான். ஈரப் பாதக்குறட்டைத் தேய்த்ததும் அதில்தான். மடத்துப் பூசைக்குப் புறப்பட்டுப் போனதும் அதை மிதித்துத்தான்.

கல்லைத் திருப்பிப் போடவும் அவள் விடவில்லை, வண்டியில் ஏற்றச் சொல்லவும் வாய் வரவில்லை. மேலே ஒரு சாக்கைப் போட்டு மூடிவிட்டுப் பின்வாசல் வழியாகவே நடந்தாள். ஆகஸ்ட் பூசைக்கு ஒரு வாரம்கூட இல்லை. சொன்னால் அவள் பேர் போகும். அந்தப் பேரைத் தவிர அவளிடம் வேறொன்றும் கிடையாது. சொல்லாவிட்டால் செபமாலையைக் கையில் எடுக்க முடியாது. எடுத்துப் பார்த்தாள், முதல் மணியிலேயே நாக்கு ஒட்டிக்கொண்டது.

மூன்றாம் நாள் வின்னி வீட்டுக்குப் போனாள். வின்னி கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள்.

"வாங்க மகாராணி. இன்னும் ஏதாச்சும் சம்மனசு பதுங்கியிருக்காரான்னு பாக்கவா?"

டீலியா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். வின்னி தீனிப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நான் கோழிக்குக் காவல் வச்சேன். நீ பலிபீடத்துலயே சேவல் அறுத்தியா! அடி என் பரிசுத்தவதியே!" சிரித்துக் கண்ணைத் துடைத்தவள், டீலியாவின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

"ஞாயித்துக்கிழம பூசையில சொல்லப்போறேன் வின்னி. என் பக்கத்துல வந்து நிப்பியா?"

"நான் நின்னப்போ எம் பக்கத்துல யாருடி நின்னா?"

"யாரும் நிக்கல. நான் முன்வரிசையில இருந்து உன்னையே பாத்துக்கிட்டிருந்தேன்."

"அப்ப தனியாவே நில்லு" என்று வின்னி பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த ஞாயிறு சாமியார் வழக்கம்போல மேசையைத் தட்டினார். "அந்தக் கை வெளங்குமா?" ஆமென் வரவில்லை. டீலியா எழுந்து கல்லறைகளுக்கு நடுவே முன்னால் நடந்து போய் நின்றாள்.

"சாமி, அந்தக் கல்லு எங்க வீட்டு வாசல்ல கிடந்துச்சு. நாந்தான் தினமும் மிதிச்சேன். வின்னி லாவெல நான் இங்க நிக்க வச்சேன், அதுக்கும் மன்னிப்புக் கேக்குறேன்."

ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லாரும் தங்கள் பாதக்குறட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். சிப்பாய்கள் கூரையை எரித்தது ஒரே நாளில் முடிந்த வேலை. கல் போனது வண்டி வண்டியாக, தலைமுறை தலைமுறையாக. எங்கள் ஊரில் எந்தத் தொழுவத்துச் சுவரிலும் நன்றாகச் செதுக்கிய மூலைக்கல் ஒன்று இருக்கும். எங்கே இருந்து வந்தது என்று யாரும் கேட்டதில்லை, தெரிந்ததால்தான் கேட்கவில்லை. அன்றைக்கு ஒருத்தராவது "எங்க வீட்லயும் இருக்கு" என்று சொல்லியிருக்கலாம். காற்றடித்தது, மேசைவிரிப்பு படபடத்தது, அவ்வளவுதான்.

சாமியார் முகம் சிவந்துபோனார். "சரிம்மா, போய் உக்காரு. பூசை முடியட்டும்" என்றார்.

ஆண்பிள்ளைகள் ஆறு பேர் கல்லை மடத்துக்குத் தூக்கிவந்தார்கள். ஆனால் அதன் மேல் பூசை வைக்க முடியவில்லை. தீட்டுப்பட்ட பலிபீடத்தைச் சாமியார்களுக்கெல்லாம் மேலான மேற்றிராணியார் வந்து மறுபடி அர்ச்சிக்க வேண்டுமாம். அவர் வரவேயில்லை. கல்லைச் சுவரில் சாய்த்து வைத்தோம். அடுத்த ஆகஸ்டிலும் பள்ளிக்கூடத்து மேசையையே தூக்கிப்போனோம்.

டீலியா அதற்குப் பிறகு பங்குக் கோயிலில் கதவோரமாக மண்டியிட ஆரம்பித்தாள். ஃபெஸ்டி சிமெண்டில் புது வாசற்படி போட்டான். அவளோ பின்வாசலை விடவில்லை. சந்தையில் பையன்கள் "பலிபீடம் மிதிச்ச கிழவி" என்று முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். பெரியவர்கள் அதட்டினார்கள், ஆனால் மெதுவாக.

சாவு வீடுகளில் அவளைக் கேட்கத்தான் செய்தோம். "டீலியா, செபமாலை சொல்றியா?" "வேற யாராச்சும் சொல்லட்டும்." அதோடு விட்டுவிடுவோம். எங்கள் ஊரில் ஒரு கோப்பைத் தேநீரைக்கூட யாரும் முதல் தடவையில் வாங்க மாட்டார்கள். முதல் தடவை வேண்டாம் என்பது மரியாதை, இரண்டாவது தடவை வேண்டாம் என்பதும் மரியாதை. மூன்றாவது தடவை கேட்டால்தான் கேட்டதாகக் கணக்கு. இது தெரியாத ஆள் எங்கள் பங்கில் கிடையாது. தெரிந்துகொண்டே அவளை ஒரு தடவை கேட்டோம், வேண்டாம் என்றதும் நிம்மதியாகத் திரும்பிக்கொண்டோம். அவள் முன்னால் மண்டியிட்டால் எங்கள் தொழுவங்கள் எங்களுக்கு ஞாபகம் வரும்.

வின்னியின் அண்ணன் இறந்தபோது வீடு நிறைய ஜனம். பள்ளிக்கூடத்து வாத்தியார் செபமாலையை எடுத்துக்கொண்டு எழுந்தார். வின்னி கையைக் காட்டி அவரை நிறுத்தினாள். "டீலியா, நீ சொல்லு" என்றாள்.

கதவோரத்தில் இருந்த டீலியா தலையை ஆட்டினாள். "வேணாம் வின்னி."

"சொல்லு."

"எனக்கு அந்தத் தகுதி இல்லம்மா."

"உன் தகுதிய யாருடி கேட்டா? செத்துக் கிடக்குறவன் மட்டும் பரிசுத்தவானா? அவன் குதிரைச் சந்தையில செஞ்சது உனக்குத் தெரியாதா?" யாரோ சிரித்து அடக்கினார்கள். "மூணாந்தரம் கேக்குறேன். வந்து சொல்லு."

டீலியா எழுந்து வந்தாள். நாங்கள் ஒதுங்கி வழிவிட்டோம். தலைமாட்டில் முழங்கால் போட்டு, சிலுவை போட்டுக்கொண்டு, தொடங்கினாள். பழைய குரல் இல்லை, நடுங்கியது. ஆனாலும் ஒரு வார்த்தையையும் அவள் விழுங்கவில்லை. பதில் சொல்ல வேண்டிய நாங்கள்தான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். முதல் பத்து மணிகள் முடியும்வரை வின்னி ஒருத்திதான் அவளுக்குப் பதில் சொன்னாள்.