மானூர் தாண்டியதும் திறக்கும் பாட்டில்

சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்கு நான் வேலைக்குப் போகும் காலைப் பேருந்தில் அந்த அக்கா வருவார். ஒல்லியான உடம்பு, களையெடுத்துக் காய்த்துப்போன கைகள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குத் தினமும் கதிர்வீச்சு. ‘கரண்டு வைக்கப் போறேன்’ என்பார். அந்த நேரத்தில் மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டுமாம். மானூர் தாண்டியதும் மடியிலிருக்கும் பாட்டிலைத் திறந்து, சொட்டு மிச்சமில்லாமல் குடித்து முடிப்பார்.

மூன்றாவது வாரத்தில் ஒருநாள், பேருந்து நிலையத்தில் பாட்டில் இல்லாமல் நின்றார்.

“ரத்தப்போக்கு நின்னுட்டு தாயி. கோமதி அம்மன் கண்ணத் தொறந்துட்டா. பாதி கரண்டுலயே சரியாயிட்டு, இனி எதுக்கு அலையணும்? உங்கிட்ட சொல்லிட்டுப் போவத்தான் வந்தேன்.”

கோவில் புற்றுமண்ணைக் கொஞ்சம் என் உள்ளங்கையில் வைத்தார்.

ஏழெட்டு மாதம் கழித்து மறுபடி ஏறினார். உட்கார முடியாமல் கம்பியைப் பிடித்தபடி நின்றே வந்தார். மானூர் தாண்டியது. பாட்டிலைத் திறக்கவில்லை.

“தண்ணி குடிக்கலையாக்கா?”

“இனிமே கரண்டு வச்சுப் பிரயோசனம் இல்லன்னுட்டாவ. வலிக்கு மாத்திரை வாங்கத்தான் போறேன்.”

என்மேல் ஒரு வருத்தமும் இல்லாமல் சிரித்தார். அன்று அந்த மண்ணை நெற்றியில் பூசிக்கொண்டு, “ரொம்ப சந்தோசம்க்கா, வீட்ல நல்லா ரெஸ்ட் எடுங்க” என்று அவரை அனுப்பிவைத்தவள் நான்.