எள்ளுத் தூவிய சோற்றுருண்டை

எலப்புள்ளி குப்பண்ணன் ஜப்பானில் இருந்தது மூன்றே மாதம். அதைப் பற்றிப் பேசியதற்குத்தான் கணக்கில்லை. கஞ்சிக்கோட்டில் புதிதாக வந்த ஒரு கம்பெனி, மெஷின் ஓட்டப் பழகிவரச் சொல்லி எழுபத்தைந்தாம் வருஷம் அவனை அனுப்பியது. மெஷினைப் பழகினானோ இல்லையோ, திரும்பி வந்தபோது கையில் இரண்டு குச்சியும் வாயில் ஓயாத பெருமையும் இருந்தன. அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பானாம். இவன் பட்டப்பகலில் குச்சியால் சோறு தின்றான்.

அவன் பெண்டாட்டி பூவாத்தாள் ஆக்கிய கொள்ளுப் பருப்பையும் கத்திரிக்காய்க் குழம்பையும் வழித்து நக்கியவன்தான். இப்போது தட்டைத் தள்ளினான்.

"இது கொழம்பா, மாட்டுத் தாழித்தண்ணியா? ஜப்பான்ல பொம்பளைங்க அம்மியக் கட்டீட்டு அழுகறதில்ல. அரை மணி நேரத்துல சமையல முடிச்சுப்போட்டுச் சிலுசிலுன்னு நிக்கறாங்க."

பிறகு அவனே பாடம் நடத்தினான். உப்புத் தண்ணீரில் கையை நனைத்துக் குழைந்த சோற்றை உருட்ட வேண்டும். நடுவில் ஒரு துண்டு ஊறுகாய். பூசணிக்காயையும் கீரையையும் வெந்நீரில் காட்டி எடுத்தால் சாறு. வெள்ளரிக்காயைச் சீவி எலுமிச்சையும் சர்க்கரையும் விட்டுப் பிசறினால் தொடுகறி. முட்டையில் சர்க்கரை போட்டு அடித்து, தோசைபோல ஊற்றிச் சுருட்ட வேண்டும். தாளிப்பு கிடையாது, மிளகாய் கிடையாது. காய்ச்சல்காரனுக்குக்கூட இதைவிட ருசியாக ஆக்கலாம் என்று பூவாத்தாள் நினைத்தாள். அந்த முட்டை மட்டும் அவளுக்குப் பிடித்திருந்தது. அவன் வேலைக்குப் போன பிறகு தனக்கென்று சுருட்டித் தின்றிருக்கிறாள். அதைச் சொன்னால் அவன் தலையில் இன்னொரு கொம்பு முளைக்கும், அதனால் சொல்லவில்லை.

வீட்டுக்குள் நடந்தவரை அது அவள் தலையெழுத்து. வயலுக்கு வந்தபோதுதான் வினையாயிற்று.

பூவாத்தாளின் அப்பன் சீராகக் கொடுத்த வயல் அது. நாற்று விட்டது முதல் களை பறித்தது வரை கூடவே நின்று பார்த்தவள் அவள்தான். கதிர் முற்றித் தலை சாய்ந்திருந்தது. ஐப்பசி வானம் காலையிலேயே கறுக்கத் தொடங்கியிருந்தது. அன்றைக்குள் அறுத்துக் களம் சேர்க்காவிட்டால் நெல் வயலிலேயே முளைத்துவிடும். அறுப்புக்கு ஆள் கிடைப்பதோ குதிரைக் கொம்பு. அறுப்புக்காரி காளியாத்தாள் தன் கூட்டத்தோடு வர ஒத்துக்கொண்டதே பூவாத்தாள் கைச்சோற்றுக்காகத்தான்.

"இன்னைக்கு அறுப்புச் சோறு என்னோட ஏற்பாடு. ஊரு பாக்கட்டும்," என்றான் குப்பண்ணன். அடுப்பிலிருந்த குழம்புச் சட்டியை அவனே இறக்கி வைத்தான். பூவாத்தாள் பல்லைக் கடித்துக்கொண்டு சோற்றை உருட்டினாள்.

மத்தியானம் வரப்பு மேட்டில் இலை விரித்தார்கள். குப்பண்ணன் உருண்டைகளை வைத்தான். பிறகு மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து, ஒவ்வொன்றின் மேலும் கறுப்பு எள்ளைத் தூவிக்கொண்டே போனான். பூவாத்தாள் அவன் காதோரம் குனிந்தாள்.

"ஏனுங்க, எள்ளு வேண்டாமுங்க. பாக்கறதுக்கு நல்லாவே இல்லீங்க."

"பட்டிக்காட்டுப் புத்தி. அங்க இப்படித்தான் திங்கறாங்க."

வாழையிலை, சோற்றுருண்டை, கறுப்பு எள். செத்தவர்களுக்குப் பிண்டம் வைப்பது அப்படித்தான். ஜப்பான் போன மூளைக்கு மட்டும் அது மறந்துபோயிற்று. காளியாத்தாள் புருஷனைப் பறிகொடுத்த வருஷம் அது. போன அமாவாசைக்குத்தான் ஆற்றங்கரையில் அதே மாதிரி உருட்டி வைத்துக் காக்காயைக் கூப்பிட்டிருந்தாள். அவள் இலை முன்னால் உட்காரவில்லை.

"நாங்க இன்னும் சாகலீங்க. எங்களுக்கு எதுக்குங்க பிண்டம்?"

"இது ஜப்பான் சாப்பாடு. உனக்கென்ன தெரியும்? தின்னு பாரு."

"நீங்களே தின்னுங்க. காக்கா வந்தா அதுக்கும் ரெண்டு போடுங்க."

அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தாள். மற்றவர்களும் எழுந்து பின்னாலேயே போனார்கள். பாதி வயல் அறுக்காமல் நின்றது. "திமிரு புடிச்ச சனம்," என்று முனகினானே தவிர, கூப்பிட அவனுக்கு வாய் வரவில்லை.

பூவாத்தாள்தான் ஓடினாள். "அக்கா, அது என்னோட வயலு. நான் போயிக் கொழம்பு வெக்கறேன், திரும்பி வா."

"உங்க மேல வருத்தமில்லீங்க அம்மிணி. எள்ளுப் போட்ட கையி வந்து கூப்புடட்டும், வாறோம்."

திரும்பி வந்து சொன்னதும் குப்பண்ணன் துண்டை உதறினான். "நானா? அவகிட்டயா?"

பூவாத்தாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். இத்தனை வருஷம் இருந்த பயம் எங்கே போயிற்றென்று அவளுக்கே தெரியவில்லை. அருவருப்புதான் மிச்சமிருந்தது. வீட்டு அரிவாள்கள் இரண்டு வரப்பில் கிடந்தன. சேலையை வரிந்து கட்டி, ஒன்றை எடுத்துக்கொண்டு வயலில் இறங்கினாள். நிலக்காரர் வீட்டுப் பெண் அறுப்புக்குக் குனிந்ததை அந்த ஊர் கண்டதில்லை. ரோட்டில் போனவர்கள் சைக்கிளை நிறுத்தினார்கள்.

"ஏறி வா புள்ள! ஊரு சிரிக்குது!"

"ஊரு உங்களப் பாத்து அப்பவே சிரிச்சுப்போட்டுதுங்க," என்றாள் நிமிராமல். "ஒண்ணு, காளியாத்தாளக் கும்புட்டுக் கூட்டீட்டு வாங்க. இல்லாட்டி இன்னொரு அருவா கெடக்குது, எறங்குங்க. ரெண்டும் ஆகாதுன்னா அந்த எலைக்கு முன்னால போயி உக்காருங்க. அது செத்தவங்களுக்கு வெச்சதுதானுங்க."

குப்பண்ணன் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, காளியாத்தாள் போன பக்கம் நடந்தான். பூவாத்தாள் அவன் போவதைப் பார்க்கவில்லை. அடுத்த பிடியை அறுத்தாள்.