கீழ்பென்னாத்தூருக்குப் போன டப்பா

லாரியில் மூட்டை ஏற்றிய அன்று காலையில் எங்கள் காயலான் கடையில் இருந்தவர்கள் நான்கு பேர்: அப்பா, அம்மா, நான், சென்னையிலிருந்து வந்திருந்த மேடம். இல்லாதவர் அத்தை. அப்பாவின் ஒரே தங்கை. எங்கள் வீட்டில் ஒரு வாரம் இருந்துவிட்டு முந்தாநாள்தான் கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறியிருந்தார். மூட்டை ஏற்றுகிற வேலையில் அவருக்கு என்ன சம்பந்தம் என்றுதான் யாரும் கேட்டிருப்பார்கள்.

மேடத்துக்கு என் வயதுதான் இருக்கும். நாட்டில் சேரும் பிளாஸ்டிக் கடைசியில் எங்கே போகிறது என்று பின்தொடர்ந்து பார்க்கும் ஒரு திட்டத்தில் வேலை. குப்பையில் போடுகிறோம், வண்டி வந்து அள்ளிக்கொண்டு போகிறது. அப்புறம்? உருக்கி வேறு பொருள் செய்கிறார்களா, கொளுத்துகிறார்களா, ஏதாவது ஏரியில் கொட்டுகிறார்களா? இதைக் கண்டுபிடிக்க அவரிடம் சின்னச் சின்ன வில்லைகள் இருந்தன. பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிது. வில்லை இருக்கும் இடம் அவருடைய போனில் புள்ளியாகத் தெரியும். ஆசிரமத்துப் பக்கம், வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கும் செங்கம் ரோட்டு விடுதிகளின் குப்பைக் கூடைகளில் பத்துப் பொருட்களுக்குள் பத்து வில்லைகளை ஒளித்துப் போட்டிருந்தார். எந்தப் பொருளில் என்று எங்களுக்குச் சொல்லவில்லை. அந்த விடுதிகளின் பிளாஸ்டிக் எல்லாம் வந்து சேர்வது எங்கள் கடைக்குத்தான்.

எங்களுக்கும் அதில் ஆகவேண்டிய காரியம் இருந்தது. இனிமேல் விடுதிகள் அங்கீகாரம் உள்ள கடைக்கு மட்டும்தான் பிளாஸ்டிக்கைப் போடலாம் என்று கலெக்டர் ஆபீசில் சொல்லிவிட்டார்கள். அங்கீகாரம் வராவிட்டால் எங்களுக்குச் சரக்கு இல்லை. சரக்கு இல்லாவிட்டால் கடை இல்லை. எங்கள் வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் போனவன் நான் என்பதால், ஆபீஸ் என்று பெயர் உள்ள எதற்கும் என்னைத்தான் அனுப்புவார்கள். அந்த ஆபீஸ் இருக்கும் வேங்கிக்காலுக்கு அலைந்து அலைந்து அங்கே எந்த டீக்கடையில் சர்க்கரை ஜாஸ்தி, எதில் கம்மி என்பது வரை எனக்குப் பழகிப்போயிருந்தது. கடைசியில் ஒரு வழி சொன்னார்கள். மேடம் போட்ட பத்தும் எங்கள் கடை வழியாக உருக்கும் ஆலைக்குப் போய்ச் சேர்ந்தால் போதும், அங்கீகாரம் கிடைக்கும்.

மூட்டையெல்லாம் ஏறிய பிறகு மேடம் போனைப் பார்த்தார். திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"சார், ஒன்பதுதான் இங்க காட்டுது."

"பத்தாவது?" என்றார் அப்பா.

மேடம் போனை நீட்டினார். அப்பா அதை வாங்காமல் என் பக்கம் கையைக் காட்டினார். நான் பார்த்தேன். நீலமாக ஒரு ஏரி. கரையை ஒட்டி ஒரு புள்ளி. மேலே கீழ்பென்னாத்தூர் என்று போட்டிருந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். விலை போகாததை ஏரிப் பக்கம் கொட்டுற பழக்கம் உண்டா?"

அப்பாவுக்குக் காது வரை சிவந்துவிட்டது. "ஏம்மா, கொட்டுறவன் அவ்ளோ தூரம் பெட்ரோல் போட்டுனு போயா கொட்டுவான்? நான் வாங்குற சரக்குல பாட்டில் மூடியைக்கூட வெளிய வுடமாட்டேன். பையனைக் கேளுங்க."

பையனுக்கு ஒன்றும் தெரியவில்லை. பத்தில் ஒன்று போனாலும் அங்கீகாரம் போச்சு என்பது மட்டும்தான் தெரிந்தது.

சாக்கு தைத்துக்கொண்டிருந்த அம்மாதான் ஊசியை நிறுத்தினார். "எந்த ஏரி?"

சொன்னேன்.

"உன் அத்தை வூடு ஏரிக்கரைத் தெருதானடா?"

அம்மா எங்களைப் பார்க்காமல் சாக்கைப் பார்த்துச் சொன்னார்: "சிவப்பு மூடி டப்பா ஒண்ணு வந்துச்சு. நல்லா கனமா. இட்லிப் பொடி போட்டுக் குடுத்தனுப்பினேன்."

"சிவப்பு மூடியா? அந்த மூடிக்குள்ளதான் வச்சேன்," என்றார் மேடம்.

இதை மேடத்துக்கு எப்படி விளக்குவது? எங்கள் கடைக்குள் வரும் சரக்கு எல்லாமே ஆலைக்குப் போய்விடுவதில்லை. அம்மா தரம் பிரிக்க உட்கார்ந்தால் முன்னால் பல குவியல் விழும். முதுகுக்குப் பின்னால் ஒரு குவியல் தனியாகச் சேரும். விரிசல் இல்லாதது, மூடி சரியாக உட்காருவது, கழுவினால் வாடை போய்விடக்கூடியது. அது வீட்டுக்கு. வெந்நீரும் புளியும் போட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்த்து வைத்துவிட்டால் அதைக் குப்பை என்று எவனும் சொல்ல முடியாது.

எங்கள் சமையல்கட்டுப் பலகை முழுக்க அப்படி வந்தவைதான். ஜெர்மனியில் வாங்கிய டப்பாவில் துவரம்பருப்பு. ரஷ்ய எழுத்து போட்டதில் புளி. யாரோ உடம்பு தேற்றக் குடித்த மாவு டப்பாவில் எங்கள் ரேஷன் சர்க்கரை. எத்தனை தேய்த்தும் காபி வாசனை போகாத ஒன்றில் மிளகாய்த்தூள் இருந்தது. எங்கள் வீட்டுக் குழம்புக்கு என்று ஒரு மணம் உண்டென்றால் அது அந்த டப்பா கொடுத்தது. இங்கிலீஷைக் கூட்டிப் படிக்க நான் பழகியது அந்தப் பலகையில்தான். அம்மா அடுப்பில் வேலையாக இருப்பார், நான் ஒவ்வொன்றாக வாசிப்பேன். ஆறாவது படிக்கும்போது முறுக்கு டப்பாவை வாசித்துவிட்டு அலறினேன்.

"ம்மா, இது நாய் பிஸ்கட் டப்பா!"

"நாய் தின்னு முடிச்சிட்டுதானே போட்டாங்க? கழுவியாச்சு. முறுக்கு வேணுமா வேணாமா?"

வேண்டும் என்றேன்.

பள்ளிக்கூடத்தில் என் தயிர்சோறு பாலாடைக்கட்டி டப்பாவில்தான் போகும். "வெள்ளைக்காரன் சோறு வந்துச்சுடா" என்று பையன்கள் கத்துவார்கள். அப்போது எனக்கு அழுகை வரும். இப்போது அந்த டப்பாவின் மூடி திறக்கும் சத்தத்தை நினைத்தால் பசி எடுக்கிறது.

அத்தை வந்து போகும்போதெல்லாம் ஒரு டப்பாவும் கூடப் போகும். பிறந்த வீட்டிலிருந்து பெண்ணை வெறுங்கையோடு அனுப்ப மாட்டார்கள். பொடியோ ஊறுகாயோ, டப்பா நிறையப் போட்டுத்தான் பஸ் ஏற்றுவார்கள்.

"சாயங்காலம் லாரி கிளம்புறதுக்குள்ள அது மூட்டையில இருக்கணும் சார்," என்றார் மேடம். "அதுக்கு மேல என் கையில இல்ல."

அப்பாவும் நானும் பஸ் ஏறினோம். வழியெல்லாம் அப்பா ஜன்னலைப் பார்த்தபடி ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தார். "குடுத்ததைத் திருப்பிக் கேக்கறதா? அதுவும் தங்கச்சிகிட்ட? மாப்ள இன்னா நினைப்பாரு? நீ கேளுடா. படிச்சவன் கேட்டா கௌரவமா இருக்கும்."

அத்தை வாசலில், எங்கள் பக்கம் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையை உதறிக்கொண்டு எழுந்தார்.

"இன்னாண்ணா, முந்தாநாள்தானே என்னை வெரட்டி வுட்ட? அதுக்குள்ள தேடி வந்துட்ட!"

படித்தவன் கேட்டேன். அத்தை கேட்டுக்கொண்டே வந்தவர் பாதியில் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"என் பொடி டப்பாவை கவர்மெண்ட்டு தேடுதா? ஏண்டா மருமவனே, காலேஜ்ல இதைத்தான் சொல்லிக் குடுத்தாங்களா? அத்தைகிட்ட போய் டப்பா புடுங்கினு வர்றதுக்கு?"

"இல்ல அத்தை, அது போகலன்னா கடையே…"

"கொஞ்சம் உள்ள வா."

போனேன். சமையல்கட்டில் எங்கள் வீட்டுப் பலகை மாதிரியே இன்னொன்று இருந்தது. நான் மறந்தே போயிருந்த டப்பாக்கள் எல்லாம் அங்கே வரிசையாக நின்றன. அத்தை ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொன்னார். இது உன் மாமாவுக்குக் காலில் அடிபட்டபோது உங்கம்மா மிளகுப்பொடி போட்டு அனுப்பியது. இது என் பாப்பா பிறந்த மாதம், பத்தியத்துக்குக் காயப்பொடி. இது உங்க தாத்தா காரியத்துக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது. அந்த முறுக்கு டப்பாவும் இருந்தது. எழுத்தெல்லாம் தேய்ந்து நாயின் காது மட்டும் மிச்சம்.

"நீங்க அனுப்பினதுல ஒண்ணையும் நான் தூக்கிப் போடல. எங்க போச்சுன்னு அந்தப் பொண்ணு கேட்டா இங்கதான் கீதுன்னு சொல்லு."

அதற்குள் அப்பா வாசலிலிருந்து மெதுவாகச் சொன்னார்: "ம்மா, கடை நின்னுடும்மா."

அத்தையின் சிரிப்பு நின்றது. ஒரு கிண்ணத்தை எடுத்து இட்லிப் பொடியைக் கொட்டினார். சிவப்பு மூடி டப்பாவைத் துடைத்தார். துடைத்துவிட்டு நேராக வாசலுக்குப் போய் அதில் மல்லாட்டையை அள்ளிப் போட்டார்.

"காலியா குடும்மா, உருக்கப் போறாங்க," என்றார் அப்பா.

"உருக்கட்டும், எரிக்கட்டும். காலி டப்பாவை எங்கண்ணன் கையில குடுத்து அனுப்பமாட்டேன்."

"இதுக்குப் பதிலா உனக்கு எவர்சில்வர் வாங்கித் தரேன். பேர் வெட்டி."

"உன் காசு யாருக்கு வேணும்?" என்றார் அத்தை. பஸ் வருவதற்குள் மறுபடி சொன்னார்: "வெட்டுறதா இருந்தா முழுப் பேரா வெட்டு. சுருக்கிடாதே."

கடையில் அம்மா மல்லாட்டையை முறத்தில் கொட்டினார். மேடத்துக்கு ஒரு கை அள்ளிக் கொடுத்தார். மேடம் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூடியை ஒருமுறை இறுக்கிப் பார்த்தார்.

"நல்ல டப்பாதாம்மா. ஆனா அங்கீகாரம் வந்துட்டா இப்படி எதையும் எடுத்து வைக்கக் கூடாது. உள்ள வந்த எடை அப்படியே வெளிய போகணும்."

"உடையாததையுமா உருக்கணும்?"

"எனக்கும் அது ஒரு மாதிரியாத்தாம்மா இருக்கு. ஆனா நடுவுல ஒண்ணு எங்கயோ போனா, மத்தது எங்க போகுதுன்னு யாரும் நம்பமாட்டாங்க."

அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா தலையாட்டினார். அம்மாவே மூட்டையின் தையலைப் பிரித்து டப்பாவை உள்ளே வைத்து மறுபடி தைத்தார். லாரி கிளம்பியது.

அங்கீகாரம் வந்தது. கடையும் நிலைத்தது. இப்போது சரக்கு அழுத்தும் இயந்திரம் ஒன்று கடை நடுவில் நிற்கிறது. எது வந்தாலும் அன்றைக்கே அழுத்திக் கட்டாகக் கட்டிவிடுவோம். அம்மாவின் முதுகுக்குப் பின்னால் குவியல் கிடையாது. நல்ல டப்பா ஒன்று கண்ணில் பட்டால் மட்டும் கையில் எடுத்து மூடியைத் திருகிப் பார்ப்பார். பார்த்துவிட்டுப் போட்டுவிடுவார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

வீட்டுப் பலகையில் இருந்தவை ஒவ்வொன்றாக விரிசல் விட்டன. காபி வாசனை டப்பா போன பிறகு எங்கள் குழம்பு எல்லார் வீட்டுக் குழம்பு மாதிரியும் ஆகிவிட்டது. போன பொங்கலுக்கு முன்னால் மூவரும் தேரடி வீதிப் பாத்திரக் கடைக்குப் போனோம். அப்பா சொன்னபடி அத்தைக்கு எவர்சில்வர் டப்பா எடுத்து முழுப் பெயரையும் வெட்டச் சொன்னார். அம்மா எதிர் வரிசையில் பிளாஸ்டிக் டப்பாக்களின் முன்னால் நின்றார். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் அப்படி ஒன்றைக் காசு கொடுத்து வாங்கியதில்லை.

"காலி டப்பாதானேப்பா, இதுக்கு இவ்ளோ விலையா?" என்று கடைப் பையனிடம் கேட்டார்.

"டப்பான்னாலே காலியாத்தாங்க விப்பாங்க," என்றான் அவன்.

ஆறு எடுத்தார். எவர்சில்வரும் பெயர் வெட்டிய கூலியும் சேர்த்து ஆயிரத்து நூற்று எண்பது ரூபாய் ஆனது.