ஒரு நரம்பு ஜாஸ்தி

அப்போ எனக்கு அஞ்சாம் மாசம். ஓசூர்ல ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா திரையையே ரொம்ப நேரம் பார்த்துட்டு இருந்தாங்க. "குழந்தை நெஞ்சுல இந்த இடத்துல மூணு வட்டம் தெரியணும், நாலு தெரியுது. இதயத்துக்குப் போற நரம்பு ஒண்ணு ஜாஸ்தி. பெங்களூர்ல இதய டாக்டர்கிட்ட காட்டிடுங்க"ன்னாங்க.

கூட வந்த மாமியார் காதுல நரம்புங்கிற ஒரு சொல்தான் விழுந்துச்சு. எங்க பக்கம் ஊசி போடறதும் நரம்புல, கை கால் நடுங்கறதும் நரம்பால. கன்னடத்துல கேட்டா நரா, தெலுங்குல கேட்டா நரம். மூணு பாஷை பேசற வீட்டுல ஒரு பாஷைகூட உதவிக்கு வரல.

அத்தையோட தம்பிக்கு நரம்புத் தளர்ச்சி. கெலமங்கலத்துல அவர் சாகற வரைக்கும் சோறு ஊட்டினது அத்தைதான். வீட்டுக்கு வந்ததும் சொன்னாங்க: "வேணாங்கண்ணு, கலைச்சிடலாம். நான் பட்டது போதும்." என் வீட்டுக்காரர் ஷிப்ட்டுக்குச் சட்டை மாட்டிக்கிட்டே நின்னார். "பெங்களூர் போய்ட்டு வர்ற வரைக்கும் யாரும் இந்தப் பேச்சை எடுக்கக்கூடாது"ன்னு கத்தினேன்.

அவருக்கு லீவு கிடைக்கல. நானும் அத்தையும்தான் போனோம். பெங்களூர் டாக்டர் ஒவ்வொரு அறையா, வால்வா பார்த்து, எல்லாம் நல்லா இருக்குன்னார். அத்தை தெலுங்குல கேட்டாங்க, "கை நடுங்குமா?" எதுக்குக் கேட்கறாங்கன்னு அவருக்குப் புரியல. "நரம்புன்னு சொன்னாங்க சார்"ன்னேன். அப்பத்தான் விளங்குச்சு அவருக்கு. ஒரு பட்டனைத் தட்டினார். அந்த நாலாவது வட்டத்துக்குள்ள நீலமா எதுவோ ஓடுச்சு.

"இது ரத்தம்மா, நடுக்கம் வர்ற நரம்பு இல்ல. மேலயிருந்து ரத்தம் இறங்கற குழாய் எல்லாருக்கும் வலப்பக்கம் ஒண்ணு இருக்கும். இந்தக் குழந்தைக்கு இடப்பக்கமும் ஒண்ணு இருக்கு. அதனால தொந்தரவு வராது. பிறந்ததும் ஒரு தடவை காட்டுங்க, போதும்."

அத்தை முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு அழுதாங்க. எனக்கும் உசுரு திரும்பி வந்துச்சு.

திரும்பி வரும்போது பஸ் அத்திப்பள்ளி தாண்டினதும் அத்தை மெதுவா சொன்னாங்க, "கண்ணு, நான் கலைச்சிடலாம்னு சொன்னதைப் பிறக்கப்போற பிள்ளைகிட்ட எப்பவும் சொல்லிடாத."

"நான் எதுக்கு அத்தை சொல்லணும்? நீங்க சொன்னப்போ அதுவும் அங்கதானே இருந்துச்சு"ன்னேன்.

என் வயித்தைத் தொட வந்த அத்தை, கையை இழுத்துத் தன் மடியில வச்சுக்கிட்டாங்க.