ஒரு நாள் நாற்காலி

கும்மிடிப்பூண்டி இறால் கம்பெனியில் நாங்கள் நின்றுகொண்டேதான் இறால் உரிப்போம். சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் பார்வையிட வந்த அன்று மட்டும் ஆளுக்கொரு நாற்காலி கிடைத்தது. எல்லாம் பந்தல்காரரிடம் வாடகைக்கு எடுத்தவை. என் நாற்காலியில் யார் வீட்டுக் கல்யாணத்துச் சந்தனமோ ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஒக்காருங்கம்மா! கல்யாணத்துக்கு வந்த மாதிரி சிரிச்சிக்கினு இருங்க" என்றார் சூப்பர்வைசர்.

உட்கார்ந்தோம். நின்று வேலை செய்யப் போட்ட மேசை கழுத்துக்கு வந்தது. கையைத் தூக்கி உரித்தால் இறால் தண்ணீர் முழங்கை வழியாக ரவிக்கைக்குள் இறங்குகிறது. இந்த லட்சணத்தில் சிரிப்பு வேறு!

"பந்தி எப்போ சார்?" என்று கேட்டேன். முறைத்தார்.

வந்தவர்கள் தலையாட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள், போய்விட்டார்கள். அவர்கள் கார் கேட்டைத் தாண்டியதுமே பந்தல்காரரின் வண்டி உள்ளே வந்துவிட்டது.

ஷிப்ட் முடிந்து பொன்னேரி வேனுக்காக நான் கேட்டருகே நின்றபோது நாற்காலிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். என் பக்கத்தில் ஒடிசாப் பெண் ஒருத்தி வந்து நின்றாள். அவளைப் போன்றவர்களைக் கம்பெனி மாடியிலேயே தங்கவைத்திருக்கிறார்கள். கேட்டுக்கு வெளியே விடுவதில்லை. ஆதார் கார்டும் ஆபீஸ் பீரோவில்தான். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, ஊருக்குப் போகணும் என்று அவள் கேட்கும்போதெல்லாம், "அடுத்த மாசம் பாக்கலாம்" என்பார்கள்.

வண்டி கிளம்பி வெளியே போனது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவள், எங்களிடம் கற்ற தமிழில் கேட்டாள்:

"அக்கா, சேர் எல்லாம் ஊட்டுக்குப் போவுதா?"