புது லொறிக்கு அடித்த ஒயில்

போர் முடிந்து வடக்குப் பாதை திறந்ததும் எங்கள் கருவாட்டு வியாபாரம் சூடுபிடித்தது. நானும் லீசிங்கில் புது லொறி ஒன்று எடுத்தேன். மனைவியின் தம்பிதான் சாரதி. லொறி விற்ற கம்பனியிலிருந்து எங்கள் ஊர் கற்பிட்டிக்கு ஓட்டி வரும்போதே, "பிரேக் கொஞ்சம் உள்ளுக்குப் போகுது மச்சான்" என்றான். மனேஜருக்குப் போன் எடுத்தேன். புது வண்டி, ஓட ஓடச் சரிவரும் என்றார். நம்பிவிட்டேன்.

மறுநாள் லொறியின் அடியில், எஞ்சினில் கழித்த பழைய ஒயில் அடித்தேன். அடிக்காவிட்டால் கடற்காற்றும் கருவாட்டு உப்புத் தண்ணீரும் ஒரு வருஷத்தில் தகட்டைத் தின்றுவிடும். பிரேக்கில் ஒயில் படாமல் சில்லுகளை டயரோடு சாக்கால் மூடிக் கட்டிவிட்டுத்தான் அடிக்க வேண்டும் என்பது இந்தக் கரையில் எல்லாருக்கும் தெரியும்.

மூன்றாம் நாள் ஆலங்குடாவில் பிரேக் பிடிக்கவில்லை. குறுக்கே வந்த மாட்டை விலக்கப் போய்த் தென்னையில் மோதினோம். எனக்கு நெற்றி மட்டும் உடைந்தது. மச்சானின் வலது கால் தகட்டுக்குள் நசுங்கிக் கிடந்தது. அலவாங்கால் கதவை நெம்பி எடுக்கும்வரை அவன் கத்திக்கொண்டே இருந்தான். ஆஸ்பத்திரியில் முழங்காலோடு காலை எடுத்துவிட்டார்கள்.

கம்பனிக்குப் போனேன். கதைக்கத்தான் போனேன். மனேஜர் கதிரையை விட்டு எழும்பாமலே, "வாரண்டித் தாளை வாசிச்சீங்களா நானா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டார். முகத்தில் குத்தினேன். மூக்கால் இரத்தம் கொட்டியது. விழுந்தவரை மிதித்தேன். அவருடைய கதிரையாலேயே கண்ணாடிக் கதவை நொறுக்கினேன். பொலிஸ் கூட்டில் கிடந்தபோதும் எனக்கு வருத்தமே இல்லை. இன்னும் நாலு போட்டிருக்கலாம் என்றுதான் இருந்தது.

கம்பனிமேல் நான் கொடுத்த பாவனையாளர் முறைப்பாட்டு விசாரணைக்கு மச்சான் ஊன்றுகோலோடு வந்தான். மாற்று வண்டி கிடைத்தால் அதை ஆள் வைத்து ஓட்டி, வரும் காசில் அவன் குடும்பம் பிழைக்கட்டும் என்று வீட்டில் பேசி வைத்திருந்தோம். எதிரே மனேஜர், கோணிப்போன மூக்கோடு.

"அடிச்சது வேற வழக்கு" என்றார் அதிகாரியம்மா. "விக்கேக்கயே பிரேக் பழுதெண்டா வண்டிய மாத்திக் கேக்கிறது உங்கட உரிமை. ஆனா பின் சில்லு பிரேக்கில ஒயில் ஊறியிருக்கெண்டு இவங்க சொல்றாங்க. அடிக்கேக்க நாலு சில்லையும் மூடினீங்களா?"

"மூடாம அடிக்க மாட்டார் மிஸ்" என்று எனக்கு முந்தி மச்சான் சொன்னான்.

ஓம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அன்றைக்கு மூன்று சாக்குத்தான் கைக்கு அகப்பட்டது. நாலாவதைத் தேடித் தருகிறேன் என்ற மனைவியை ஏசிவிட்டு, பின் இடது சில்லை மூடாமலே அடித்தேன். பிரேக் அதற்கு முன்பே சரியில்லை என்பதும் உண்மைதான். ஆனால் அவன் காலைத் தின்றது எது என்று இனி யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

"ஒரு சில்லு மூடல்ல" என்றேன்.

ஊன்றுகோல் என் தோளில் இறங்கியது. அடுத்த அடி காதில். மூன்றாவதற்கு ஓங்கியவன் நிலை தவறி என்மேல் விழுந்தான். விழுந்தும் கையால் அடித்தான். மனேஜர்தான் ஓடிவந்து அவனைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தார்.

"விடுங்க" என்றேன். "அவன் அடிக்கட்டும்."