இன்னிக்கு டீசல் இன்னா விலை?

பெட்ரோல் பங்க் என்பது, வாங்குகிற ஒருவர்கூடச் சந்தோஷமாக வாங்காத சரக்கை விற்கும் இடம். மீட்டர் ஓடும்போது வாடிக்கையாளரின் முகம் எப்படிப் போகிறது என்று நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்; நீங்களும் மீட்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பீர்கள். அந்த முகத்தைப் பார்ப்பது என் வேலை. மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் தெற்கே, ஈசிஆர் என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்தில், காலையில் பெட்ரோல் போடுகிறேன். மதியம் செங்கல்பட்டுக்கு பஸ் ஏறிப்போய்ப் பொருளாதாரம் படிக்கிறேன். இரண்டு இடத்திலும் என்னை வாயை மூடச் சொல்கிறார்கள்.

மூட முடியாததற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் மீனவர் குப்பத்து மணலில் நைனாவின், அதாவது என் அப்பாவின், ஃபைபர் படகு தார்ப்பாய் போர்த்திக் கிடக்கிறது. டீசல் போட்டுக் கட்டுப்படியாகவில்லை என்று அவர் மங்களூர்ப் பக்கம் போய், யாருடைய விசைப்படகிலோ கூலிக்கு வலை இழுக்கிறார். 'மானியத்த ஏத்தட்டும், வந்துடறேன்' என்று சொல்லிவிட்டுப் போனவர். ஆகவே, மீட்டர் பார்த்து மனம் வாடிய தோழர்களே, மானியம் என்று யார் பேச்செடுத்தாலும் எனக்கு அது வீட்டு விஷயம்.

நாவலூர்க் கார்

சனிக்கிழமை காலையில் நாவலூர்ப் பக்கத்து ஐ.டி. கார்கள் கடல் பார்க்கக் கிளம்பிவிடும். அப்படி வந்த ஒருவர், டேங்க் நிரம்பும்வரை பொழுது போகாமல் எதிர்ச்சுவரில் இருந்த போஸ்டரைப் படித்தார். மீனவர் டீசல் மானியத்தை உயர்த்தச் சொல்லி எதிர்க்கட்சி ஒட்டியது. "இப்படிச் சும்மா குடுத்துக் குடுத்துதான் நாடு உருப்படாமப் போச்சு" என்றார். என் நாக்கு சும்மா இருக்குமா? "சார், ஒவ்வொரு லிட்டர்லயும் வரிய வாங்கிக்கிட்டு, அதுல கொஞ்சத்தைத் திருப்பித் தந்தா அது சும்மா குடுக்கறதா?" என்றேன். பக்கத்து சீட்டில் இருந்த அவர் மனைவி செல்போனிலிருந்து தலையைத் தூக்கினார்.

அவர் சிரித்துவிட்டு, கம்பெனி பெயர் போட்டு பில் கேட்டார். எதற்கு என்று கேட்டேன். ஆபீஸில் கொடுத்தால் பெட்ரோல் பணம் திரும்ப வந்துவிடுமாம். "அப்ப உங்களுக்கும் மானியம் வருது சார்" என்றேன். மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தார். சார் மட்டும் கொஞ்சமும் கோபப்படாமல், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் பொறுமையாக விளக்கினார்: "அது மானியம் இல்லம்மா, அலவன்ஸ். நாங்க அதுக்கு உழைக்கிறோம்ல."

கேன்

மீனவர்களுக்கு வரி நீக்கிய டீசல் தனி பங்கில் கிடைக்கும். அட்டையைக் காட்டினால் அளவோடு ஊற்றுவார்கள். அளவு தீர்ந்த பிறகும் கடல் தீராமல் இருப்பதால், கேனைத் தூக்கிக்கொண்டு எங்களிடம் வருவார்கள். எங்கள் பங்கிலோ, கேனில் ஊற்றக் கூடாது, வண்டியோடுதான் வர வேண்டும் என்று போர்டு.

தேசிங்கு மாமா நைனாவோடு ஒரே படகில் போனவர். இப்போது கூப்பிடுகிற படகில் எல்லாம் போகிறார். ஒருநாள் பிளாஸ்டிக் கேனோடு வந்த அவரிடம் போர்டைக் காட்டினேன். சூப்பர்வைசர் பின்னால் நிற்கிறாரே. மாமா போர்டை எழுத்துக்கூட்டிப் படித்தார், சாலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சூப்பர்வைசரே சங்கடப்பட்டு, இரும்புக் கேன் கொண்டுவந்தால் ஊற்றலாம் என்று இறங்கி வந்தார். மாமா இறங்கவில்லை. "இன்னாத்துக்கு சார் உங்களுக்குத் தொல்ல? படகுக்கு நாலு சக்கரம் மாட்டி ஈசிஆர் மேல ஓட்டிகினு வரேன். டோல்கேட்டுல கேட்டா இந்தப் பொண்ணு பேர சொல்லிக்கிறேன்."

இரண்டு ஊர்வலம்

நம் ஊரில் எல்லாக் கட்சியும் எங்கேயாவது ஓரிடத்தில் எதிர்க்கட்சிதான். டெல்லியில் எதிர்க்கட்சியாக இருப்பவர்கள் டெல்லி வரியைக் குறைக்கச் சொல்லி ஒரு திங்கட்கிழமை வந்தார்கள். ஸ்கூட்டருக்கு மாலை போட்டு, கயிறு கட்டி இழுத்துக்கொண்டு, எங்கள் பங்க் வாசலில் கோஷம். அதே வாரத்தில், சென்னையில் எதிர்க்கட்சியாக இருப்பவர்கள் மாநில வரியைக் குறைக்கச் சொல்லி வந்தார்கள். அதே கயிறு, வேறு ஸ்கூட்டர். இரண்டு கூட்டமும் முடிந்த கையோடு கயிற்றை அவிழ்த்துவிட்டு எங்களிடமே பெட்ரோல் போட்டுக்கொண்டு போனது.

நான் இரண்டு நாளும் நாசிலைக் கையில் பிடித்தபடி, யாராவது மீனவர் மானியத்தைப் பற்றி ஒரு வரி சொல்வார்களா என்று காது கொடுத்து நின்றேன். இரண்டு தரப்பும் சொன்னது. இரண்டும் ஒரே வரி. இரண்டாம் நாள் ஸ்பீக்கர் வேனுக்கு டீசல் போடும்போதுதான் கவனித்தேன், டிரைவரும் முதல் நாள் வந்தவரே. "இன்னாண்ணா, இந்தக் கட்சிக்கு எப்ப மாறினீங்க?" என்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நான் எங்க மாறினேன்? கூப்ட்டா வரேன். டீசலு விலை எறங்கினா எனக்கும் நல்லதுதான, அதனால ரெண்டு பேருக்கும் மனசாரத்தான் ஓட்டறேன்."

காலை போன்

காலை ஆறு மணிக்குத்தான் அன்றைய விலை வரும். ஆறு அடித்துக் கொஞ்ச நேரத்தில் நைனாவிடமிருந்து போன் வரும், அவர் வேலை செய்கிற படகு துறைமுகத்தில் நிற்கிற நாட்களில். பின்னால் யாரோ கன்னடத்தில் சத்தம் போட்டுக்கொண்டிருப்பார்கள். "இன்னிக்கு டீசல் இன்னா விலை?" என்பார். சொல்வேன். "சரி" என்பார். ஐஸ் ஏற்ற வேண்டும் என்று வைத்துவிடுவார்.

மாதக்கணக்காக விலை அசையவே இல்லை. நேற்றுச் சொன்னதையே இன்றும் சொல்வேன். அவர் புதிதாகக் கேட்பதுபோல் கேட்டுக்கொள்வார். ஒருநாள், வண்டிகள் ஹாரன் அடிக்கிற எரிச்சலில், "தெனமும் அதே விலைதான் நைனா. எதுக்குத்தான் போன் பண்ணி இதையே கேக்கற?" என்றேன். கன்னடச் சத்தம் விலகிப்போனது; தள்ளிப் போய் நின்றார் போலிருக்கிறது. பிறகு மெதுவாகச் சொன்னார்: "வேற இன்னா கேக்கறதுன்னு தெரில பாப்பா."

கல்லூரி விவாதம்

கல்லூரியில் எரிபொருள் மானியம் தேவையா என்று விவாதம் வைத்தார்கள். தேவை என்று நான். தேவையில்லை என்று கலைவாணி. படாளத்து விவசாயி வீட்டுப் பெண், என் பக்கத்து பெஞ்ச். வரியாக எடுத்ததைத் திருப்பித் தருவதற்குத் தயவு என்று பெயர் வைத்தது யார் என்று கேட்டேன். கைதட்டினார்கள். கலைவாணி நிதானமாக எழுந்தாள். நிறைய எரிக்கிற பெரிய படகுக்குத்தான் நிறைய மானியம் போய்ச் சேரும், கரையில் கிடக்கிற படகுக்கு அதனால் என்ன லாபம் என்றாள். அதற்கும் கைதட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேடையிலேயே எங்கள் படகு, மங்களூர், தார்ப்பாய் என்று என்னென்னவோ பேசிவிட்டேன்.

தீர்ப்பு எனக்குச் சாதகம். கோப்பையைப் பையில் திணித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் வரை அவளோடு சண்டை போட்டுக்கொண்டே நடந்தேன். டீக்கடை வாசலில் நின்று அவள் கேட்டாள்: "மானியம் வந்தும் உங்கப்பா வரலைன்னா, அப்ப எந்தக் கட்சியத் திட்டுவ?"

ஜூன், ஜூலை

மேற்குக் கடலில் ஜூன் பிறந்தால் இரண்டு மாதம் விசைப்படகுகளுக்குத் தடை. நைனா வந்தார். வந்த மறுநாளே தார்ப்பாயை உருவிப் போட்டுவிட்டுப் படகை இறக்கினார். தேசிங்கு மாமாவும் பழைய ஆட்களும் சேர்ந்துகொண்டார்கள். மானியம் ஒன்றும் ஏறவில்லை. ஆனாலும் எனக்கு ஆட்சியே மாறிவிட்டதுபோல் இருந்தது. நைனா குளித்துவிட்டு வந்து உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்ப்பதற்காகவே காலேஜுக்கு ஒரு பஸ் தள்ளிப் போனேன்.

எங்கள் குப்பத்தில் மீன் விற்றதும் முதலில் டீசலுக்கு எடுத்து வைத்துவிடுவார்கள். மிச்சத்தில்தான் படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு. கிட்டத்தில் மீன் இல்லை என்று தூரம் போனார்கள். தூரம் போகப் போக டீசல்தான் தின்றது. பல நாள், டீசலுக்கு எடுத்ததோடு பங்கு பிரிப்பதே முடிந்துபோனது. மற்ற நாட்களில் நைனா படகுப் பங்கை எடுக்காமல் ஆட்களுக்கே பிரித்துக் கொடுத்தார். ஒருநாள் தேசிங்கு மாமா, "எனக்கு வேணாம் மச்சான், நீ வெச்சிக்க" என்று கையை நீட்டாமலே போய்விட்டார். அன்று நைனா சாப்பிடவில்லை. கூட வந்தவனை வெறுங்கையோடு அனுப்பிய பிறகு எப்படிச் சாப்பிடுவது என்று அம்மாவிடம் கேட்டாராம். இரண்டு நாள் கழித்துப் படகை மேலே ஏற்றினார்கள்.

ஜூலைக் கடைசியில் ஈசிஆர் நிறுத்தத்தில் அவரோடு நின்றேன். பஸ் வருவதற்குள் என்னிடம் இருந்த வாதங்களை எல்லாம் இறக்கிவிட்டேன். எதிர்க்கட்சி வாக்குறுதி கொடுத்திருக்கிறது, சட்டசபை கூடப்போகிறது, தேர்தல் என்று ஒன்று வராமலா போகும், இன்னும் கொஞ்சம் பொறு என்றேன். எதிலும் குறுக்கிடாமல், தலையாட்டிக்கொண்டே கேட்டார். பஸ் வந்தது. பையை உள்ளே தள்ளிவிட்டுப் படியில் நின்று திரும்பினார். "நீ பேசறதெல்லாம் நாயம்தான் பாப்பா. பேசி ஜெயிச்சிட்டு சொல்லு. அது வரிக்கும் நான் அங்க வல இழுத்துகினு இருக்கேன்."

பங்கிலும் வகுப்பிலும் இதுவரை நான் கற்ற பொருளாதாரம் இவ்வளவுதான்: ஊரையே டேங்க் நிரப்பிக் கிளப்பி அனுப்பிவிட முடிகிறது, ஒரே ஓர் ஆளைத் திரும்ப வரவழைக்கத்தான் நாட்டில் எரிபொருள் போதவில்லை.